இன்டெக்ரின்: ஒட்டும் ஏற்பி எப்போது விழிக்கும், யார் எழுப்புகிறார்கள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பினாங்கில் உயிர்மருத்துவம் படிக்கும் பிள்ளைகள், ஆஸ்பத்திரி லேப்பில் வேலை பார்ப்பவர்கள், வீட்டில் ஒருவருக்கு இரத்தம் நிற்காத நோய் என்று தெரிந்து தேடிப் படிக்கும் குடும்பத்தார் என மூன்று தரப்பும் கேட்கிற கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். பாடம் முழுக்க மலாயிலும் ஆங்கிலத்திலும் ஓடுகிறது. வீட்டுக்கு வந்து பாட்டிக்கு விளக்கும்போதுதான் நாக்கு தடுமாறும். கலைச்சொற்களைப் பெரும்பாலும் லேப்பில் சொல்கிறபடியே விட்டிருக்கிறேன். அவசரமாகப் படிப்பவர்கள் 2, 4 ஆகிய இரண்டையும் விட்டுவிடாதீர்கள். நோய் பற்றித் தெரிந்துகொள்ள வந்தவர்கள் நேரே 15-க்குப் போகலாம்.

1. இன்டெக்ரின் என்றால் என்ன?

செல்லின் மேற்பரப்பில் இருக்கும் ஒரு வகை ஏற்பி. ஆல்ஃபா, பீட்டா என்று இரண்டு புரதச் சங்கிலிகள் ஜோடி சேர்ந்தது. மனித உடலில் 18 ஆல்ஃபா, 8 பீட்டா இருக்கின்றன. அவை சேர்ந்து 24 ஜோடிகள் ஆகின்றன. ஒவ்வொரு சங்கிலியும் செல் சவ்வை ஒரே ஒரு முறை ஊடுருவும். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி மிகப் பெரியது: ஆல்ஃபாவில் ஏறக்குறைய 1,000 அமினோ அமிலங்கள், பீட்டாவில் ஏறக்குறைய 750. செல்லுக்குள் இருக்கும் வால் மிகச் சின்னது, பெரும்பாலும் 70 அமினோ அமிலங்களைத் தாண்டாது. பீட்டா-4 மட்டும் விதிவிலக்கு, அதன் வால் 1,000-ஐ ஒட்டி வரும்.

வெளிப்பகுதி ஃபைப்ரோனெக்டின், கொலாஜன் (செல்லுக்கு வெளியே இருக்கும் நார்ப் புரதங்கள்), ஃபைப்ரினோஜன் (இரத்தம் உறைய உதவும் புரதம்) போன்றவற்றைப் பிடிக்கும். உள்வால் சில இடைப் புரதங்கள் வழியாக செல்லின் ஆக்டின் எலும்புக்கூட்டோடு இணையும்.

2. ஒட்டுவதுதானே அதன் வேலை? பிறகு எதற்கு அதைத் தனியாக "இயக்க" வேண்டும்?

இந்த ஒரு கேள்வி பிடிபட்டால் மற்றதெல்லாம் தானாக வரிசையில் வந்துவிடும்.

இரத்தத் தட்டணுவை, அதாவது பிளேட்லெட்டை எடுத்துக்கொள்வோம். ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் ஒன்றரை லட்சம் முதல் நான்கு லட்சம் வரை தட்டணுக்கள் இருக்கும். ஒவ்வொன்றின் மேலும் ஆல்ஃபா-2பி பீட்டா-3 என்ற இன்டெக்ரின் ஏறக்குறைய 80,000. அது பிடிக்க வேண்டிய ஃபைப்ரினோஜன் எங்கோ ஒளிந்திருப்பதில்லை. ஒரு லிட்டர் பிளாஸ்மாவில் 2 முதல் 4 கிராம் கரைந்து, தட்டணுவைச் சுற்றி நாள் முழுக்க ஓடிக்கொண்டே இருக்கிறது. ஒரு ஃபைப்ரினோஜனுக்கு இரு முனை. இரண்டு தட்டணுக்களை ஒரே நேரத்தில் பிடித்துக் கட்டிவிடும். அந்த ஏற்பி எப்போதும் விழித்திருந்தால் என்ன ஆகும்? காயமே இல்லாமல் உடலெங்கும் இரத்தம் உறையும்.

ஆகவே இன்டெக்ரினின் இயல்பு நிலை தூக்கம்தான். ஒட்டும் திறன் ஏற்பிக்குள்ளேயே இருக்கிறது, அதை யாரும் வெளியிலிருந்து கொண்டுவந்து கொடுப்பதில்லை. சொல்கிற வரை ஒட்டாமல் இருப்பதற்குத்தான் இத்தனை புரதங்கள் காவல் நிற்கின்றன. கே562 என்ற இரத்தப் புற்றுநோய் செல் வரிசையில் ஆல்ஃபா-5 பீட்டா-1 இன்டெக்ரினை அளந்து பார்த்தபோது, 99 விழுக்காட்டுக்கும் மேல் மடங்கி மூடிய நிலையிலேயே இருந்தது. பாடப்புத்தகங்கள் "பசை மூலக்கூறு" என்று ஆரம்பிப்பதால்தான் மாணவர்கள் இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள் என்பது என் எண்ணம்.

3. மூடிய நிலை, திறந்த நிலை என்கிறீர்களே, கண்ணால் பார்த்தது உண்டா?

உண்டு. 2001-இல் ஆர்னாவுட் குழுவினர் ஆல்ஃபா-வி பீட்டா-3 இன்டெக்ரினின் வெளிப்பகுதியைப் படிகமாக்கி அமைப்பை வெளியிட்டார்கள். தலை நிமிர்ந்து நிற்கும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு அதிர்ச்சி: முட்டியில் மடங்கி, தலை சவ்வைப் பார்த்துக் குனிந்திருந்தது. அடுத்த ஆண்டே டிமொத்தி ஸ்பிரிங்கரின் ஆய்வகம் எலக்ட்ரான் நுண்ணோக்கியில், அதே ஏற்பி மடங்கியும் நீண்டும் இருப்பதைக் காட்டியது. மடக்குக் கத்தி விரிவதைப் போல என்று துறைக்குள்ளேயே சொல்வார்கள், நானும் அதையே சொல்கிறேன். மடங்கிய நிலையில் உயரம் ஏறக்குறைய 11 நானோமீட்டர், நீண்டால் 20-ஐ ஒட்டி.

நிலைகள் இரண்டல்ல, மூன்று: மடங்கி மூடியது, நீண்டு மூடியது, நீண்டு திறந்தது. நீண்டு நிற்பது மட்டும் போதாது. தலையில் உள்ள பீட்டா-ஐ பகுதிக்குக் கீழே இருக்கும் ஹைபிரிட் பகுதி வெளிப்பக்கமாக ஊசலாட வேண்டும். அப்போதுதான் பிடிப்பு பலமாகும். ஆல்ஃபா-5 பீட்டா-1-இல் திறந்த நிலையின் பிடிப்பு மற்ற இரு நிலைகளைவிட ஆயிரக்கணக்கான மடங்கு அதிகம்.

மடங்கிய நிலையிலும் சிறு மூலக்கூறுகள் ஒட்ட முடியும் என்று ஒரு தரப்பு நெடுங்காலம் வாதாடியது. 2002-இல் மடங்கிய படிகத்துக்குள் ஆர்ஜிடி (விளக்கம் கீழே) என்ற சின்னத் துண்டை ஊறவிட்டபோது அது ஒட்டவும் செய்தது. என் பார்வையில் இரண்டுக்கும் முரண்பாடு இல்லை. சின்னத் துண்டு இடுக்கில் நுழைந்துவிடும். ஃபைப்ரினோஜன் போன்ற பெரிய ஆள் வந்து பிடிக்க ஏற்பி நிமிர்ந்தாக வேண்டும்.

(ஆர்ஜிடி என்பது ஆர்ஜினைன், கிளைசின், அஸ்பார்ட்டிக் அமிலம் என்ற மூன்று அமினோ அமிலங்களின் வரிசை. ஃபைப்ரோனெக்டினில் செல் பற்றுவது இந்த மூன்றைத்தான் என்று பியர்ஷ்பாக்கரும் ரூவோஸ்லாட்டியும் 1984-இல் காட்டினார்கள். ரூவோஸ்லாட்டி, ஸ்பிரிங்கர், ரிச்சர்ட் ஹைன்ஸ் மூவருக்கும் இன்டெக்ரின் பணிக்காக 2022-இல் லாஸ்கர் விருது கிடைத்தது.)

4. காயம் பட்டால் தட்டணுவின் உள்ளே என்ன நடக்கிறது? படிப்படியாகச் சொல்லுங்கள்.

இதற்குத்தான் "உள்ளிருந்து வெளியே" செல்லும் சமிக்ஞை என்று பெயர்.

இரத்தக் குழாய் கிழிகிறது. சுவருக்குப் பின்னால் இருந்த கொலாஜன் வெளியே தெரிகிறது. பக்கத்திலேயே திராம்பின் என்ற உறைவு நொதி உருவாகிறது. ஏற்கெனவே உசுப்பேறிய தட்டணுக்கள் அடினோசின் டைபாஸ்பேட், திராம்பாக்சேன் என்ற தூண்டும் ரசாயனங்களைக் கொட்டுகின்றன. இவற்றுக்கெல்லாம் தட்டணுவின் மேல் தனித்தனி ஏற்பிகள் உண்டு. அவை எதுவும் இன்டெக்ரின் அல்ல. அந்த ஏற்பிகள் உள்ளே பாஸ்போலிபேஸ் சி என்ற நொதியைத் தூண்டுகின்றன, அதனால் செல்லுக்குள் கால்சியம் எகிறுகிறது. கால்சியத்தை உணரும் கால்டாக்-ஜெஃப்-1 என்ற புரதம், ராப்-1 என்ற சின்ன ஜி-புரதத்தை "ஆன்" நிலைக்கு மாற்றுகிறது.

ராப்-1 ஆன் ஆனதும் டாலின் சவ்வுக்கு வருகிறது. டாலின் 2,541 அமினோ அமிலங்கள் கொண்ட பெரிய புரதம். தலை ஒன்று, நீளமான தண்டு ஒன்று. சும்மா இருக்கும்போது தண்டின் ஒன்பதாவது கட்டு வந்து, தலையில் எஃப்-3 என்ற பகுதியை மூடிக்கொண்டிருக்கும். அதாவது இன்டெக்ரினை எழுப்ப வேண்டியவரே தன்னைப் பூட்டிக்கொண்டு சுருண்டிருக்கிறார். ராப்-1-உம், சவ்வின் உட்புறத்தில் இருக்கும் பிஐபி-2 என்ற கொழுப்பும் சேர்ந்து இழுக்க, பூட்டு விடுபடுகிறது. எஃப்-3 வெளிப்பட்டு பீட்டா-3-இன் வாலைக் கவ்வுகிறது. அந்தப் பிடியில் ஆல்ஃபா வாலும் பீட்டா வாலும் பிரிகின்றன. பிரிவு சவ்வைத் தாண்டி மேலே போகிறது, கால்கள் விலகுகின்றன, முட்டி நிமிர்கிறது, தலை திறக்கிறது, ஃபைப்ரினோஜன் வந்து மாட்டுகிறது.

எத்தனையோ பாதைகள் வழியாகத் தூண்டினாலும் கடைசிப் படி டாலின் வாலைப் பிடிப்பதுதான் என்று 2003-இல் கின்ஸ்பர்க், கால்டர்வுட் ஆகியோர் இருந்த குழு காட்டியது. டாலின் இல்லாவிட்டால் தூண்டுதல் எவ்வளவு பலமாக இருந்தாலும் ஏற்பி அசையாது.

5. சவ்வுக்குள் இருப்பது ஒரு சின்னச் சுருள். அது எப்படிச் செய்தியைக் கடத்தும்?

நல்ல கேள்வி. வாய்மொழித் தேர்வில் இதைக் கேட்பவரைப் பார்த்தால் எனக்கு மரியாதை வரும்.

ஆல்ஃபா சுருளும் பீட்டா சுருளும் சவ்வுக்குள் இரண்டு இடத்தில் ஒன்றையொன்று பிடித்திருக்கின்றன. வெளிப்பக்கம் ஒரு கொக்கி, உட்பக்கம் ஒரு கொக்கி. வெளிக்கொக்கியில், ஆல்ஃபா-2பி-யில் நான்கு இடம் தள்ளித் தள்ளி வரும் கிளைசின்கள் பீட்டா சுருள் நெருங்கிப் படுக்க இடம் கொடுக்கின்றன. உள்கொக்கியில் இரண்டு ஃபினைல்அலனின்கள் சவ்வுக்குள் திரும்பி இடத்தை அடைக்கின்றன. கூடவே ஆல்ஃபாவின் 995-ஆவது ஆர்ஜினைனுக்கும் பீட்டா-3-இன் 723-ஆவது அஸ்பார்ட்டிக் அமிலத்துக்கும் இடையே ஒரு மின்னேற்றப் பிணைப்பு உண்டு. இந்த அமைப்பு 2009-இல் அணுக்கரு காந்த ஒத்ததிர்வு முறையில் தெளிவானது.

பீட்டா சுருள் நேராக நிற்பதில்லை, சாய்ந்து நிற்கிறது. டாலின் தலை வாலைப் பிடிக்கும்போது, அதன் மின்னேற்றமுள்ள பக்கம் சவ்வின் உட்புறக் கொழுப்பிலும் ஒட்டிக்கொள்கிறது. ஒரே நேரத்தில் இரண்டு பிடி. அதனால் சுருளின் சாய்வுக் கோணம் மாறுகிறது. கோணம் மாறினால் இரண்டு கொக்கியும் பொருந்தாது.

இதற்கு இரண்டு சான்றுகள் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஒன்று, 2010-இல் நானோடிஸ்க் என்ற குட்டிச் சவ்வு வட்டில் ஒரே ஒரு இன்டெக்ரினை வைத்து டாலின் தலையை மட்டும் சேர்த்துப் பார்த்தார்கள். செல்லே இல்லை, கூட்டாளிகள் யாரும் இல்லை, அப்படியும் ஏற்பி விழித்தது. இன்னொன்று நோயாளிகளிடமிருந்து வந்தது. 995-ஆவது ஆர்ஜினைனிலோ 723-ஆவது அஸ்பார்ட்டிக் அமிலத்திலோ மரபு மாற்றம் உள்ள குடும்பங்கள் உண்டு. அவர்களுடைய இன்டெக்ரின் அரைத் தூக்கத்தில் பாதி விழித்தே இருக்கும். அதன் விளைவு யாரும் ஊகிக்காதது: தட்டணுக்கள் அளவில் பெரிதாகவும் எண்ணிக்கையில் குறைவாகவும் இருக்கும். எலும்பு மஜ்ஜையில் தட்டணு பிறக்கும்போதே இந்த ஏற்பி ஒழுங்காகத் தூங்க வேண்டியிருக்கிறது.

6. டாலின் மட்டும் போதும் என்றால் கிண்ட்லின் எதற்கு?

குட்டி வட்டில் போதும், உடலில் போதாது. கிண்ட்லின் என்ற புரதம் பீட்டா வாலில் டாலினுக்குப் பக்கத்து இடத்தைப் பிடிக்கிறது. தட்டணுவில் இருப்பது கிண்ட்லின்-3. அது இல்லாத எலிகளில் டாலின் அப்படியே இருந்தும் இரத்தப்போக்கு நிற்கவில்லை. மனிதர்களில் இதே குறைபாடு எல்ஏடி-3 என்ற நோய். அதில் இரத்தமும் நிற்காது, கிருமித் தொற்றும் விடாது, ஏனென்றால் தட்டணு, வெள்ளணு இரண்டின் இன்டெக்ரின்களும் எழுவதில்லை. கிண்ட்லின் சரியாக என்ன செய்கிறது என்பதில் இன்னும் ஒரே கருத்து இல்லை. விழித்த இன்டெக்ரின்களைக் கூட்டம் சேர்ப்பதுதான் அதன் முக்கிய வேலை என்ற விளக்கத்துக்கு நான் சாய்கிறேன்.

7. எழுப்புவது சரி. திரும்பத் தூங்க வைப்பது யார்?

பல பேர். ஃபிலமின் என்ற புரதம் பீட்டா வாலில் டாலின் உட்காரும் இடத்திலேயே உட்கார்ந்துகொள்கிறது. ஒருவர் இருந்தால் இன்னொருவருக்கு இடமில்லை. டாக்-1, ஐகேப்-1 ஆகியவையும் வாலுக்காகப் போட்டியிடும். ஷார்ப்பின் ஆல்ஃபா பக்கம் ஒட்டி அமுக்கும். வாலில் உள்ள டைரோசினில் பாஸ்பேட் ஏறினால் டாலினின் பிடி தளர்ந்து டாக்-1-க்கு வழி கிடைக்கும்.

அன்றாட வாழ்க்கைக்கு அருகில் இருப்பது இன்னொரு தடை. தட்டணுவில் ராசா-3 என்ற புரதம் ராப்-1-ஐ இடைவிடாமல் "ஆஃப்" செய்துகொண்டே இருக்கிறது. அடினோசின் டைபாஸ்பேட் பி2ஒய்12 என்ற ஏற்பியைத் தட்டினால்தான் ராசா-3 சற்று ஒதுங்கும், ராப்-1 ஆன் நிலையில் நீடிக்கும். இதய இரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்துக்கொண்ட தாத்தாக்கள் சாப்பிடும் குளோபிடோக்ரெல் மாத்திரை அடைப்பது அந்த பி2ஒய்12-ஐத்தான். கூடவே கொடுக்கும் ஆஸ்பிரின், திராம்பாக்சேன் உற்பத்தியை நிறுத்துகிறது. இரண்டு மாத்திரையும் இன்டெக்ரினைத் தொடுவதே இல்லை, அதை எழுப்ப வருகிறவர்களை வழியிலேயே மடக்குகின்றன. அப்புறம் ஆரோக்கியமான குழாய்ச் சுவரும் சும்மா இருப்பதில்லை. அது விடுகிற புரோஸ்டாசைக்ளினும் நைட்ரிக் ஆக்சைடும் தட்டணுவை அமைதிப்படுத்திக்கொண்டே இருக்கின்றன.

8. வெளியிலிருந்து உள்ளே போகும் செய்தி என்பது என்ன?

இன்டெக்ரின் எதையாவது பிடித்த பிறகு, "பிடித்துவிட்டேன், இது இவ்வளவு கெட்டியாக இருக்கிறது" என்று செல்லுக்குச் சொல்வது. பல இன்டெக்ரின்கள் ஓரிடத்தில் கூடும். ஃபேக், சார்க் என்ற கைனேஸ் நொதிகள் விழிக்கும். செல் தட்டையாகப் பரவும்.

இதில் சுவையான பகுதி விசை. ஆக்டின் உள்ளிருந்து இழுக்கும்போது டாலினின் தண்டு இழுபடுகிறது. தண்டில் 13 கட்டுகள் இருக்கின்றன. அவற்றில் மூன்றாவது கட்டு மிகத் தளர்ந்தது, ஏறக்குறைய 5 பிகோநியூட்டன் விசையிலேயே அவிழ்ந்துவிடும். அவிழ்ந்ததும் உள்ளே மறைந்திருந்த இடத்தில் வின்குலின் என்ற புரதம் வந்து ஒட்டிப் பிணைப்பை உறுதியாக்கும். காந்தத்தால் ஒற்றை மூலக்கூறை இழுத்து இதை அளந்தவர்களில் நம் பக்கத்து சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் மெக்கானோபயாலஜி ஆய்வு நிலையத்தாரும் உண்டு. பினாங்கிலிருந்து ஒரு மணி நேரச் சொச்ச விமானப் பயணத்தில் இப்படி ஒரு இடம் இருப்பது நம் பிள்ளைகள் பலருக்குத் தெரியவில்லை.

இன்னொரு விந்தை: ஆல்ஃபா-5 பீட்டா-1 ஃபைப்ரோனெக்டினைப் பிடித்திருக்கும்போது ஓரளவு வரை இழுக்க இழுக்கப் பிடிப்பு நீடிக்கும், விடாது. விசையே திறந்த நிலையைத் தாங்கிப் பிடிக்கிறது.

9. மெக்னீசியம், கால்சியம், மாங்கனீஸ் என்று வருகிறதே? மெக்னீசியம் மாத்திரை சாப்பிட்டால் இரத்தம் சீக்கிரம் உறையுமா?

உறையாது. மாத்திரை பற்றிய கவலையை விடுங்கள்.

பீட்டா தலையில் மிடாஸ் என்ற இடத்தில் ஒரு மெக்னீசியம் அயனி உட்கார்ந்திருக்கும். ஆர்ஜிடி-யின் அஸ்பார்ட்டிக் அமிலம் நேராக அதையே பிடிக்கிறது. பக்கத்தில் கால்சியம் அமரும் இடமும் உண்டு. அது பொதுவாக ஏற்பியை அடக்கி வைக்கும். லேப்பில் மாங்கனீஸ் சேர்த்தால் கால்சியத்தை நகர்த்திவிட்டு டாலின் உதவியே இல்லாமல் வெளிப்பக்கமிருந்து ஏற்பியை விழிக்க வைக்கலாம். ஆய்வில் இது கைகண்ட உத்தி. "குறை ஏற்பியிலா, எழுப்பும் வழியிலா?" என்று பிரித்தறிய உதவும். மாங்கனீஸ் போட்டதும் ஒட்டினால் ஏற்பி நன்றாக இருக்கிறது, கோளாறு உள்ளே.

10. டிங்கி காய்ச்சல் என்று பயந்து இரத்தம் எடுத்தோம். பிளேட்லெட் மிகக் குறைவு என்றார்கள், மறுநாள் வேறு குழாயில் எடுத்தால் சரியாக இருக்கிறது என்கிறார்கள். எது உண்மை?

இரண்டாவது உண்மையாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. முதல் தடவை ஊதா மூடிக் குழாயில் எடுத்திருப்பார்கள். அதில் ஈடிடிஏ இருக்கும், கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் பிடுங்கிக்கொள்ளும் ரசாயனம். அயனிகள் போனதும் ஆல்ஃபா-2பி பீட்டா-3-இன் உருவம் மாறி, சாதாரணமாக மறைந்திருக்கும் ஒரு பகுதி வெளியே தெரிகிறது. சிலரின் இரத்தத்தில் அந்தப் பகுதியை மட்டும் அடையாளம் காணும் எதிர்ப்புரதம் இருக்கும். அது குழாய்க்குள்ளேயே தட்டணுக்களைக் கட்டிக்கட்டியாக ஒட்டிவிடும். எண்ணும் இயந்திரத்துக்குக் கட்டியைத் தட்டணு என்று தெரியாது. ஸ்லைடில் ஒரு சொட்டைத் தேய்த்து நுண்ணோக்கியில் பார்த்தால் விளிம்பில் குவியல் குவியலாகக் கிடக்கும். சிட்ரேட் உள்ள வெளிர்நீல மூடிக் குழாயில் திரும்ப எடுத்தால் பெரும்பாலும் எண்ணிக்கை சரியாக வரும். உடலுக்குள் இதனால் எந்தப் பிரச்சினையும் இல்லை.

ஆனால் நிஜ டிங்கியில் எண்ணிக்கை உண்மையாகவே இறங்கும். ஆகவே "அது குழாய்க் கோளாறுதான்" என்று வீட்டில் நீங்களே முடிவு செய்துவிடாதீர்கள். ஸ்லைடு பார்த்தார்களா என்று கேளுங்கள். பப்பாளி இலைச் சாறு பற்றியும் கேட்கிறார்கள். இந்தப் பக்கத்தில் பேசும் பூட்டு, திறப்பு எதற்கும் அதற்கும் தொடர்பு இல்லை.

11. பாம்பு விஷத்திலிருந்து மருந்து வந்தது என்கிறார்களே, நம் ஊர்ப் பாம்பா?

கதை நம் ஊரைத் தொட்டுக்கொண்டுதான் போகிறது. பெர்லிஸ், கெடா, பினாங்கு வட்டாரத்தில் உலார் காப்பாக் போடோ என்று மலாயில் சொல்லும் குழிவிரியன் உண்டு. அந்தக் காலத்தில் தோட்டத்தில் பால்மரம் வெட்டப் போனவர்களை நிறையக் கடித்தது. பினாங்குப் பெரிய ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த டாக்டர் அலிஸ்டர் ரீட், கடிபட்டவர்களின் இரத்தம் பல நாட்கள் குழாயில் உறையாமலே கிடப்பதையும், அப்படியும் பலர் நடமாடிக்கொண்டிருப்பதையும் கவனித்து 1963-இல் எழுதினார். அதற்குக் காரணம் ஃபைப்ரினோஜனைக் கடித்துத் தீர்க்கும் ஒரு நொதி. அதிலிருந்து ஆன்க்ராட் என்ற மருந்து வந்தது.

அதே விஷத்தில் வேறொரு ஆளும் இருக்கிறார்: ரோடோஸ்டோமின், 68 அமினோ அமிலங்கள். அதன் ஒரு வளைவின் நுனியில் ஆர்ஜிடி. நேரே போய் தட்டணுவின் இன்டெக்ரினில் உட்கார்ந்து ஃபைப்ரினோஜனுக்கு இடமில்லாமல் செய்துவிடும். ஒரே பாம்பு கயிறையும் அறுக்கிறது, பிடிக்கிற கையையும் கட்டுகிறது. (பாயான் லெப்பாஸ் பாம்புக் கோயிலில் இருப்பது வேறு இனம், வாக்லர் விரியன். அதன் விஷம் நரம்புப் பக்கம் போகும்.)

மருந்தாக வந்தவை வேறு பாம்புகளைப் பார்த்துச் செய்தவை. எப்டிஃபைபடைட் அமெரிக்கக் குட்டைக் கிலுகிலுப்பைப் பாம்பின் விஷப் புரதத்திலிருந்து, டைரோஃபிபான் சுருட்டை விரியனின் விஷப் புரதத்திலிருந்து. இரண்டும் 1998-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. அவற்றுக்கு முன்பே, 1994-இல், அப்சிக்சிமாப் என்ற எதிர்ப்புரத மருந்து வந்துவிட்டது. மூன்றும் மாரடைப்பு, ஆஞ்சியோபிளாஸ்டி சமயங்களில் இரத்தக் குழாய் ஊசியாகக் கொடுக்க வந்தவை.

12. அதையே மாத்திரையாக்கியிருக்கலாமே?

முயன்றார்கள். 1990களின் கடைசியில் பல நிறுவனங்கள் வாய்வழி மாத்திரைகளைப் பெரிய சோதனைகளில் இறக்கின. பலன் கிடைக்கவில்லை. மேலும் மாத்திரை எடுத்தவர்களில் இறப்பு கூடியது. அத்தனையும் கைவிடப்பட்டன.

ஏன்? இங்கேதான் 2-ஆம் கேள்வி திரும்ப முக்கியமாகிறது. இந்த மருந்துகள் ஆர்ஜிடி மாதிரி நடிப்பவை. நடிப்பு நன்றாக இருந்ததால் ஏற்பியும் உண்மையான ஆள் வந்துவிட்டார் என்று நினைத்துத் திறந்துகொள்கிறது. இரத்தத்தில் மருந்தின் அளவு இறங்கும் வேளையில் மருந்து கழன்றுவிடும், திறந்த ஏற்பி மிஞ்சும். அடைக்க வந்த மருந்து எழுப்பிவிட்டுப் போகிறது. இது முழு விளக்கம் என்று எல்லோரும் ஏற்கவில்லை, ஆனால் எனக்கு நம்பத்தக்கதாகவே படுகிறது.

2022-இல் ஸ்பிரிங்கர் குழு இதற்கு ஒரு வேதியியல் விடை சொன்னது. மூடிய நிலையில் மிடாஸ் மெக்னீசியத்துக்கும் பக்கத்து அமினோ அமிலத்துக்கும் நடுவில் ஒரு நீர் மூலக்கூறு இருக்கிறது. திறக்க வேண்டுமானால் அது வெளியேற வேண்டும். அந்த நீரை அங்கேயே பிடித்து நிறுத்தும் நைட்ரஜன் அணு ஒன்றை மருந்தில் வைத்தால், மருந்து ஒட்டினாலும் ஏற்பி மூடியே இருக்கும். ஸாலுன்ஃபிபான் என்ற ஊசி மருந்து வேறு வழியில் போகிறது: மெக்னீசியத்தையே அந்த இடத்திலிருந்து தள்ளிவிடுகிறது.

13. வெள்ளணுக்களுக்கும் இதே கதைதானா?

அதே கதை, வேறு ஜோடிகள். பீட்டா-2 இன்டெக்ரின் இல்லாமல் பிறக்கும் குழந்தைக்கு எல்ஏடி-1 என்ற நோய். பிறந்து மூன்று நான்கு வாரமாகியும் தொப்புள்கொடி விழாது, புண்ணில் சீழ் பிடிக்காது, இரத்தத்தில் வெள்ளணு மட்டும் எக்கச்சக்கமாக இருக்கும். அணுக்கள் இருக்கின்றன, குழாய்ச் சுவரில் நின்று வெளியேற முடியவில்லை. தொப்புள்கொடி தாமதமாக விழுந்தால் எல்லாமே இந்த நோய் என்று அர்த்தமில்லை, ஆனால் குழந்தை மருத்துவரிடம் சொல்ல வேண்டிய விஷயம்.

ஆல்ஃபா-4-ஐ அடைக்கும் நட்டாலிசுமாப் 2004-இல் வந்து, மூளையைத் தாக்கும் ஒரு வைரஸ் நோய் காரணமாக 2005-இல் நிறுத்தப்பட்டு, 2006-இல் கட்டுப்பாடுகளோடு திரும்பியது. குடலுக்குப் போகும் வெள்ளணுவில் உள்ள ஆல்ஃபா-4 பீட்டா-7-ஐ மட்டும் குறிவைக்கும் வெடோலிசுமாப் 2014-இல் வந்தது.

14. கேதரின், செலெக்டின் எல்லாம்?

அவையும் ஒட்டும் ஏற்பிகளே. கேதரின் பக்கத்துச் செல்லின் கேதரினைப் பிடிக்கும், அதற்குக் கால்சியம் வேண்டும், உள்ளே கேட்டனின்களோடு இணையும். செலெக்டின் ஓடும் வெள்ளணுவைச் சற்று உருள வைக்கும். இன்டெக்ரின் அளவுக்கு மடங்கி நிமிரும் நாடகம் இரண்டிலும் இல்லை.

15. எண்ணிக்கை சரியாக இருக்கிறது, ஆனால் மூக்கிலும் ஈறிலும் இரத்தம் நிற்பதில்லை. கிளான்ஸ்மேன் என்றார்கள். சொந்தத்தில் கல்யாணம் செய்ததாலா?

ஆல்ஃபா-2பி பீட்டா-3 இல்லாததால் அல்லது இருந்தும் வேலை செய்யாததால் வரும் நோய் இது. ஸ்விஸ் குழந்தை மருத்துவர் எட்வர்ட் கிளான்ஸ்மேன் 1918-இல் விவரித்தார். டிங்கியில் தட்டணு குறைவதால் பிரச்சினை. இங்கே தட்டணு நிறைய இருக்கும், ஒன்றையொன்று பிடிக்காது.

இரண்டு ஜீன்கள், இரண்டும் 17-ஆம் குரோமோசோமில். நோய் வர, அப்பா அம்மா இருவரிடமிருந்தும் பழுதான பிரதி ஒன்று வர வேண்டும். ஒரு பிரதி மட்டும் உள்ளவர்களுக்கு இரத்தப்போக்கு வருவதில்லை, தாங்கள் சுமப்பதே தெரியாது. அத்தை மகன், மாமன் மகள் என்று கட்டிக்கொள்ளும் குடும்பங்களில் ஒரே தாத்தாவின் பழுது இரு பக்கமும் இறங்கி வந்து சந்திக்க வாய்ப்பு கூடுகிறது. தென்னிந்தியச் சமூகங்களில் இந்த நோய் சற்று அதிகமாகப் பதிவாகியிருப்பதற்கு இதையே காரணமாகச் சொல்கிறார்கள். இருவரும் சுமப்பவர்களாக இருந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் வாய்ப்பு நான்கில் ஒன்று.

சொந்தத்தில் கட்டாதவர்களுக்கும் வரும். "உன் அம்மா வீட்டுப் பக்கம்தான் காரணம்" என்று மருமகளைக் குத்துவதற்கு இதில் இடமே இல்லை. பழுது இரண்டு பக்கமும் இருந்தால்தான் நோயே.

16. எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

வெளிர்நீல மூடிக் குழாயில் இரத்தம் எடுத்து மெதுவாகச் சுழற்றுவார்கள். சிவப்பணு அடியில் தங்கும், மேலே தட்டணு நிறைந்த பிளாஸ்மா, பாலில் தண்ணீர் கலந்த நிறத்தில் கலங்கலாக நிற்கும். அதைச் சின்னக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி, 37 டிகிரியில், உள்ளே குட்டிக் காந்தக் கம்பி சுழல, ஒரு பக்கமிருந்து ஒளி பாய்ச்சுவார்கள். 1962-இல் குஸ்டாவ் போர்ன் கொண்டுவந்த முறை. அடினோசின் டைபாஸ்பேட் ஒரு துளி விட்டால், நல்ல தட்டணுக்கள் சில நிமிடங்களில் திரண்டு கண்ணுக்குத் தெரியும் துணுக்குகளாகும், கலங்கல் தெளியும், ஒளி கடந்து போகும், வரைகோடு சரிந்து இறங்கும். கிளான்ஸ்மேனில் கலங்கல் கலங்கலாகவே இருக்கும், கோடு கிடைமட்டமாக ஓடும். கொலாஜன் விட்டாலும் அதே. ரிஸ்டோசெட்டின் என்ற ரசாயனம் விட்டால் மட்டும் திரளும், காரணம் அது வேறு ஏற்பியின் வழி.

அடுத்து ஃப்ளோ சைட்டோமெட்ரியில் (அணுக்களை ஒவ்வொன்றாக ஒளிக்கற்றை முன் ஓடவிட்டுப் பார்க்கும் கருவி) சிடி41, சிடி61 பார்ப்பார்கள். அவை ஆல்ஃபா-2பி, பீட்டா-3-இன் லேப் பெயர்கள். இரண்டும் இருந்தும் கோடு கிடையாக ஓடினால், பாக்-1 என்ற எதிர்ப்புரதம் போடுவார்கள். அது விழித்த ஏற்பியில் மட்டுமே ஒட்டும். ஏற்பி இருக்கிறது, பாக்-1 ஒட்டவில்லை என்றால் கிண்ட்லின்-3, கால்டாக்-ஜெஃப்-1 பக்கம் தேட வேண்டும்.

17. பிள்ளைக்குப் பல் பிடுங்க வேண்டும். என்ன செய்வது?

பல் டாக்டரிடம் போவதற்கு முன் இரத்தநோய் மருத்துவரிடம் தேதியைச் சொல்லிவிடுங்கள். டிரானெக்சாமிக் அமிலம் (உறைந்த இரத்தம் கரையாமல் காக்கும் மருந்து) முன்கூட்டியே ஆரம்பிப்பார்கள், வாய்க் கொப்புளிப்பாகவும் கொடுப்பது உண்டு. தேவைப்பட்டால் ஏழாம் காரணி ஊசி அல்லது தட்டணு ஏற்றுவார்கள். தட்டணுவை அடிக்கடி ஏற்றத் தயங்குவதற்குக் காரணம் உண்டு: இந்தப் பிள்ளைகளின் உடல் ஆல்ஃபா-2பி பீட்டா-3-ஐப் பார்த்ததே இல்லை, ஆகவே அதற்கு எதிராக எதிர்ப்புரதம் உண்டாக்கிவிடலாம். அப்புறம் உண்மையான அவசரத்தில் ஏற்றினாலும் பலிக்காது. ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென் வேண்டாம், காய்ச்சலுக்குப் பாராசெட்டமால் போதும். தொடையில் அல்லது கையில் தசை ஊசி என்று யாராவது சொன்னால் நோயின் பெயரை உடனே சொல்லுங்கள். பெண் பிள்ளையாக இருந்தால் முதல் மாதவிலக்குக்கு முன்பே மருத்துவரோடு திட்டம் பேசி வைத்துக்கொள்ளுங்கள், அந்த முதல் தடவை சில சமயம் ஆஸ்பத்திரியில் சேர்க்கிற அளவுக்குப் போய்விடும். நோயின் பெயரும் இரத்த வகையும் எழுதிய அட்டை ஒன்று பள்ளிப் பையிலும் இருக்கட்டும்.